மார்க் போட்டாயிற்று, அப்புறம்? புது ஆசிரியர்களுக்கு அளவீடும் மதிப்பீடும்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். "எம் பையன் கணக்கு நல்லாப் போடுறானா சார்?" என்று கேட்டார். ரிஜிஸ்டரைப் புரட்டி, "எழுபத்திரண்டு வாங்கியிருக்கான்மா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அது ரிப்போர்ட்டிலயே இருக்குதுங்களே, நல்லாப் போடுறானான்னுதான் கேட்டேன்" என்றார்.

அவர் கேட்டது மதிப்பீட்டை. நான் கொடுத்தது அளவீட்டை. பி.எட். படிக்கும்போது இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்து எழுதி, ஐந்தும் வாங்கியவன் நான். ஆனால் அந்த வேறுபாடு கையில் வரவில்லை. உங்களுக்கு அது முதல் வருடத்திலேயே வரவேண்டும் என்பதற்காக, ஒரே ஒரு வகுப்புத் தேர்வை எடுத்துக்கொண்டு ஆரம்பம் முதல் கடைசி வரை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். ஏழாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள், தசம எண்கள், 25 மதிப்பெண். பாடம் வேறாக இருந்தாலும் வழி இதுதான்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

ஒரு பண்பு எவ்வளவு இருக்கிறது என்று விதிப்படி எண்ணால் சொன்னால் அது அளவீடு. 25க்கு 14, நிமிடத்துக்கு 60 சொற்கள் வாசித்தாள், 200 நாளில் 171 நாள் வந்தான் என்பதெல்லாம் அளவீடு. அந்த எண்ணை ஏதோ ஒன்றோடு வைத்துப் பார்த்து, இது போதுமா, ஏன் இப்படி, இனி என்ன செய்வது என்று தீர்மானித்தால் அது மதிப்பீடு. அளவீட்டில் உங்கள் கருத்துக்கு இடமில்லை, அது இருந்தால் குற்றம். மதிப்பீட்டில் உங்கள் தீர்ப்பு இருந்தே ஆகவேண்டும், அதைச் சொல்வதற்குத்தான் உங்களை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

அரிசிக் கடையில் இந்த இரண்டும் அடுத்தடுத்து நடக்கும். தராசு 25 கிலோ என்று காட்டும். வாங்க வந்த பாட்டி இரண்டு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, "இது புது அரிசிப்பா, சாதம் குழைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போவார்.

நம் ஊரில் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் மொழியிலேயே இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். 'மதிப்பெண்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: மதிப்பு, எண். எண்ணைப் போடும்போதே மதிப்பையும் போட்டுவிட்டதாக அந்தச் சொல் நம்மை நம்ப வைக்கிறது. இலங்கைத் தமிழர்கள் இதைப் 'புள்ளி' என்கிறார்கள். அதில் அந்த மயக்கம் இல்லை. அங்கே ஆசிரியர் கல்வியில் அளவீடு, கணிப்பீடு, மதிப்பீடு என்று மூன்று சொற்கள் தனித்தனியாகவே புழங்குகின்றன. தகவல் திரட்டும் வேலை முழுவதற்கும் கணிப்பீடு, அதன் மேல் தீர்ப்புச் சொல்வதற்கு மதிப்பீடு. நாம் இரண்டுக்கும் மதிப்பீடு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று முன்னொட்டுப் போட்டுச் சமாளிக்கிறோம். நடந்துகொண்டிருக்கும்போதே திருத்திக்கொள்ள உதவுவது வளரறி, முடிந்தபின் தொகுத்துச் சொல்வது தொகுத்தறி. இந்தப் பிரிவினையை 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் முன்வைத்தார். அவர் அப்போது பேசியது பாடத்திட்டங்களைப் பற்றி. மாணவர்களுக்கு அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

படி 1: வினாவுக்கு முன் நோக்கத்தை எழுதுங்கள்

பெரும்பாலான புது ஆசிரியர்கள் புத்தகத்தைத் திறந்து, பயிற்சியிலிருந்து நான்கு கணக்கைப் பொறுக்கி, எண்ணை மாற்றி வினாத்தாள் ஆக்கிவிடுகிறார்கள். பிறகு வரும் மதிப்பெண் எதை அளந்தது என்று அவர்களுக்கே தெரியாது. எதை அளந்தோம் என்று தெரியாதபோது அதை மதிப்பிடவும் முடியாது.

ஒரு தாளில், இந்தப் பாடம் முடிந்ததும் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள். 'தசம எண்களை அறிவார்' என்று எழுதாதீர்கள். அறிந்தாரா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. 'தசம எண்களை ஏறுவரிசையில் எழுதுவார்' என்றால் பார்க்கலாம். வினைச்சொல் கண்ணுக்குத் தெரிகிற வினையாக இருக்கவேண்டும். 1956இல் பெஞ்சமின் புளூமும் கூட்டாளிகளும் தொகுத்த நோக்கங்களின் வகைப்பாட்டை நீங்கள் படித்திருப்பீர்கள். அதிலிருந்து வகுப்பறைக்கு வேண்டியது இந்த ஒரு பழக்கம்தான், ஆறு படிநிலைகளையும் ஒவ்வொரு வினாத்தாளிலும் திணிக்கவேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

நம் தேர்வுக்கு நான்கு நோக்கங்கள் போதும். இடமதிப்பைச் சொல்லுதல் 5 மதிப்பெண், ஒப்பிட்டு வரிசைப்படுத்துதல் 6, கூட்டல் கழித்தல் 8, வாழ்க்கைக் கணக்கு 6. இதுதான் உங்கள் புளூபிரிண்ட். அரைப் பக்கம்கூட வராது.

படி 2: தவறு வெளியே வரும்படி வினாவை அமையுங்கள்

இந்தப் படியில் செலவிடும் நேரம் வீண் போகாது. '3.2, 3.8 இவற்றில் பெரியது எது?' என்று கேட்டால் வகுப்பே சரியாக எழுதிவிடும். உங்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த வினா எதையும் அளக்கவில்லை, ஏனென்றால் தசமம் சுத்தமாகத் தெரியாத பிள்ளையும் 38 பெரியது என்று நினைத்துச் சரியான விடைக்கு வந்துவிடும்.

'0.6, 0.45 இவற்றில் பெரியது எது?' என்று கேட்டுப் பாருங்கள். இலக்கம் அதிகமாக இருந்தால் எண் பெரியது என்று நம்பும் பிள்ளை 0.45 என்று எழுதும். அதற்கு 45 பெரியது, 6 சின்னது. இந்த ஒரு வினா போதுமா என்றால் போதாது. நேர் எதிரான தவறும் உண்டு. நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சின்னது என்று நாம் சொல்லிக் கொடுத்ததை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, இலக்கம் குறைந்தால் எண் பெரியது என்று முடிவு கட்டிய பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் 0.6 என்று சரியாகவே எழுதுவார்கள், தவறான காரணத்தால். அவர்களைப் பிடிக்க '0.3, 0.45' என்ற ஜோடி வேண்டும். இரண்டு ஜோடியும் தாளில் இருந்தால், யார் எந்தப் பக்கம் வழுக்குகிறார் என்று விடையே சொல்லிவிடும்.

கூட்டலில் '2.4 + 1.3' வேண்டாம். '2.5 + 0.13' கொடுங்கள். புள்ளிக்குக் கீழ் புள்ளி வைக்காமல் வலது ஓரத்தை ஒட்டி அடுக்கும் பிள்ளை 38ஐ எழுதி, எங்கோ ஒரு புள்ளி வைக்கும். வாழ்க்கைக் கணக்குக்கு: 2.5 மீட்டர் துணியில் 1.75 மீட்டர் வெட்டினால் மீதி எவ்வளவு?

ஏற்புடைமை என்று பி.எட். புத்தகத்தில் படித்தது இதைத்தான்: அளக்க நினைத்ததை அளக்கிறதா? வாழ்க்கைக் கணக்கின் வாக்கியம் நான்கு வரிக்கு நீண்டால், தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளை கணக்கில் தோற்றதாகப் பதிவாகும். நீங்கள் அளந்தது வாசிப்பை, பெயர் போட்டது கணக்கு.

படி 3: திருத்தும்போது நீங்கள் ஒரு தராசு

அமெரிக்காவில் 1912இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் இரண்டு ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தினார்கள். நூற்றுக்கு, ஒரே தாளுக்கு ஒருவர் 64 போட, இன்னொருவர் 98 போட்டார். மற்றத் தாளுக்கு 50 முதல் 97 வரை. மொழித்தாள் என்றால் அப்படித்தான் என்று சிலர் சொன்னதால், அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். வித்தியாசம் இன்னும் மோசமாக இருந்தது. கணக்கு ஆசிரியர்களாகிய நாம் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பொதுத்தேர்வுத் திருத்தும் முகாமில் மாணவர் யாரென்று தெரியாதபடி தாள் வருவதும், விடைக்குறிப்பு ஒன்றாக இருப்பதும், உதவித் தேர்வாளர் திருத்தியதை முதன்மைத் தேர்வாளர் பார்ப்பதும், கூர்ந்தாய்வு அலுவலர் கூட்டலைச் சரிபார்ப்பதும் இந்த ஆட்டத்தைக் குறைக்கத்தான். வகுப்புத் தேர்வில் உங்களுக்கு அந்தப் பரிவாரம் இல்லை. அதனால்:

- வினாத்தாளோடு சேர்த்தே விடைக்குறிப்பையும் எழுதிவிடுங்கள். படிக்கு எத்தனை, அலகு விட்டால் எத்தனை குறையும் என்பது உட்பட.
- ஒரு பிள்ளையின் தாளை முழுதாகத் திருத்தி முடித்து அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். நாற்பது தாளிலும் முதல் வினா, பிறகு நாற்பதிலும் இரண்டாம் வினா. அலுப்பான வேலைதான். ஆனால் முதல் வினாவை அழகாக எழுதிய பிள்ளைக்கு ஐந்தாம் வினாவில் அரை மதிப்பெண் தானாகக் கூடுவது இதில் நிற்கும்.
- முகப்பை மடித்துவிட்டுத் திருத்துங்கள். கையெழுத்தை வைத்து யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள், இருந்தாலும் மடியுங்கள்.

'பாவம், ஒரு மதிப்பெண் சேர்த்துப் போடுவோம்' என்ற எண்ணம் இந்த இடத்தில் வரும். வரட்டும். ஆனால் அதை இங்கே செய்யாதீர்கள். பிள்ளையின் வீட்டு நிலைமை, உடல்நலம், உழைப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க மதிப்பீட்டில் இடம் இருக்கிறது. அளவீட்டில் கலந்துவிட்டால் பிறகு எது எதுவென்று பிரிக்க முடியாது.

படி 4: மொத்தத்தைக் கூட்டும் முன் பிரித்துப் பாருங்கள்

திருத்தி முடித்ததும் கை தானாக மொத்தம் போடப் போகும். நிறுத்துங்கள். ஒரு நீளத் தாளில் இடப்புறம் பிள்ளைகளின் வரிசை எண், மேலே நான்கு நோக்கங்கள் என்று கட்டம் போட்டு நிரப்புங்கள். நாற்பது பேருக்கு அரை மணி நேரம் ஆகும்.

நான் பலமுறை பார்த்த ஒரு ஜோடியைச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு இடமதிப்பில் 5, ஒப்பிடுதலில் 6, கூட்டல் கழித்தலில் 2, வாழ்க்கைக் கணக்கில் 1. மொத்தம் 14. ஒரு பையனுக்கு அதே வரிசையில் 1, 1, 8, 4. மொத்தம் 14. ரிஜிஸ்டரில் இரண்டு பேரும் ஒன்று. உண்மையில் அந்தப் பெண்ணுக்கு எண் புரிந்திருக்கிறது, அடுக்கிச் செய்யும் பழக்கம் வரவில்லை. இரண்டு மூன்று நாள் பயிற்சி கொடுத்தால் ஏறிவிடுவாள். அந்தப் பையன் 'புள்ளிக்குக் கீழ் புள்ளி வை' என்ற விதியை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே நடக்கிறான், கீழே தரை இல்லை. பெருக்கல் வந்ததும் விழுவான். அவனுக்கு இடமதிப்பிலிருந்து திரும்பத் தொடங்கவேண்டும். அளவு ஒன்றுதான், ஆனால் இருவருக்கும் செய்யவேண்டியது அடியோடு வேறு.

இதே கட்டத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தால் வினாக்களின் தரம் தெரியும். தற்காலிகமாகப் பென்சிலில் ஒரு மொத்தம் போட்டு, அதை வைத்துத் தாள்களை அடுக்கி, மேலே உள்ள 27 சதவீதத்தையும் கீழே உள்ள 27 சதவீதத்தையும் எடுங்கள். ட்ரூமன் கெல்லி 1939இல் பரிந்துரைத்த விகிதம் அது. நாற்பது பேருக்குப் பதினொன்று பதினொன்றாக வரும். ஒரு வினாவுக்கு மேல் குழுவில் 10 பேரும் கீழ்க் குழுவில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால், 22 பேரில் 13 பேர், அதாவது 0.59 என்பது கடின அளவு (பெயர்தான் கடின அளவு, எண் ஏற ஏற வினா எளிது). இரு குழுக்களின் வித்தியாசமான 7ஐ 11ஆல் வகுத்தால் 0.64, இது பிரித்தறியும் திறன், அதாவது தெரிந்தவரையும் தெரியாதவரையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது. நல்ல வினா.

இன்னொரு வினாவில் மேல் குழுவில் 4 பேர், கீழ்க் குழுவில் 5 பேர் சரி என்று வந்தால் பிரித்தறியும் திறன் எதிர்மறைக்குப் போகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் தடுக்கி விழும் வினா அது. பெரும்பாலும் சொற்றொடரில் இரண்டு பொருள் இருக்கும், அல்லது விடைக்குறிப்பே தப்பாக இருக்கும். கூச்சப்படாமல் அந்த வினாவை நீக்கிவிட்டு மொத்தத்தைப் போடுங்கள். எல்லாரும் சரியாக எழுதிய வினாவுக்குப் பிரித்தறியும் திறன் பூஜ்யம் வரும். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், எல்லாருக்கும் தெரிந்தே ஆகவேண்டிய அடிப்படை என்றால் பூஜ்யம்தான் நல்ல செய்தி. சின்ன வகுப்பில் இந்த எண்களை இரண்டாம் தசமம் வரை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவேண்டிய வினாவைக் காட்டினால் அதன் வேலை முடிந்தது.

படி 5: எந்தக் கோலை வைத்துப் பார்க்கிறீர்கள்?

இப்போது மொத்தம் போடலாம். 14. இது நல்லதா? எதோடு ஒப்பிட்டு என்று சொல்லாமல் பதில் கிடையாது. மூன்று கோல்கள் உண்டு.

ஒன்று நோக்கம். ஒப்பிட்டு வரிசைப்படுத்தத் தெரியுமா தெரியாதா? தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது இந்த வகை. பக்கத்துப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்பது அங்கே கேள்வியே இல்லை, இந்தப் பிள்ளைக்கு எது கைவந்திருக்கிறது என்பதுதான்.

இரண்டாவது கூட்டம். கணக்கில் 60, தமிழில் 75 வாங்கிய பிள்ளை எதில் கெட்டி? பார்த்த உடனே தமிழ் என்போம். வகுப்புச் சராசரி கணக்கில் 45, தமிழில் 70 என்றும், இரண்டிலும் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 10 என்றும் வைத்துக்கொண்டால், கணக்கில் அவள் சராசரிக்கு 1.5 திட்டவிலக்கம் மேலே, தமிழில் 0.5 மட்டுமே. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் பயன்படும் இசட் புள்ளிக்கு அடிப்படை இந்தக் கணக்குதான். வெவ்வேறு பாடங்களை ஒரே தராசில் வைக்க வேறு நியாயமான வழி குறைவு. ஆனால் இந்தக் கோலுக்கு ஒரு குறை உண்டு: மொத்த வகுப்புக்கும் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒருவர் முதலிடத்தில் இருப்பார். தேர்ந்தெடுக்க உதவும், கற்பிக்க உதவாது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் நிறுத்தினார்கள். வகுப்பறைகளில் ரேங்க் இன்னும் சாகவில்லை.

மூன்றாவது, பிள்ளையின் சொந்த நேற்று. போன தேர்வில் 6 வாங்கி இப்போது 14 வாங்கியவளுக்கும், போன தேர்வில் 21 வாங்கி இப்போது 14க்கு இறங்கியவனுக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லமுடியாது. இரண்டாமவனிடம் கணக்கைப் பற்றிப் பேசும் முன் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், காலையில் பேப்பர் போடப் போகிறானாக இருக்கலாம்.

மூன்று கோலும் வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு, எந்தக் கோலில் பார்க்கிறோம் என்று சொல்லாமலேயே 'சுமார்', 'நல்லாப் படிக்கிறா' என்று தீர்ப்பு எழுதுவது.

படி 6: எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பூஜ்யம் வாங்கிய பிள்ளைக்குத் தசமம் பூஜ்யம் என்று பொருள் இல்லை. நீங்கள் கேட்ட வினாக்களில் ஒன்றுக்கும் விடை வரவில்லை, அவ்வளவுதான். அதேபோல் 80 வாங்கியவர் 40 வாங்கியவரைவிட இரு மடங்கு அறிந்தவர் என்றும் சொல்லமுடியாது. எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் அளவைகளைப் பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என்று நான்காகப் பிரித்தார். எடையும் நீளமும் விகித அளவை, அங்கே பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை, அதனால் இரு மடங்கு என்று பேசலாம். தேர்வு மதிப்பெண் அந்த வகையில் சேராது.

அதைவிட முக்கியமானது பிழை. ஒரு தேர்வின் மதிப்பெண்களின் திட்டவிலக்கம் 15, நம்பகத்தன்மைக் கெழு (திரும்ப அளந்தாலும் மதிப்பெண் எவ்வளவு ஒத்துவரும் என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்) 0.84 என்று வைப்போம். வகுப்பறையில் நாம் தயாரிக்கும் தேர்வுக்கு 0.84 என்பதே பெரிய விஷயம். 1இலிருந்து 0.84ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.4. அதை 15ஆல் பெருக்கினால் 6. இது அளவீட்டின் திட்டப்பிழை. 35 வாங்கிய பிள்ளையின் உண்மை நிலை ஏறத்தாழ 29க்கும் 41க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதுவும் மூன்றில் இரண்டு பங்கு உறுதியோடுதான் சொல்கிறோம்.

நம் பத்தாம் வகுப்பில் 35 தேர்ச்சி, 34 தோல்வி. சட்டத்துக்கு ஒரு கோடு வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் மனதிலும் அந்தக் கோடு விழுந்துவிடக்கூடாது. 34 வாங்கியவனும் 36 வாங்கியவனும் உங்களுக்கு ஒரே நிலையில் இருக்கும் பிள்ளைகள். கிரேடுக்கும் இதே வியாதி உண்டு: 2012–13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2. தொண்ணூறும் தொண்ணூற்றொன்றும் பிரிந்துபோக, எண்பத்தொன்றும் தொண்ணூறும் ஒரே வீட்டில் இருக்கும்.

படி 7: தாளில் வராதது

அளக்காமலும் மதிப்பிடலாம். பிள்ளை குழுவில் பேசுகிறதா, தவறு செய்தால் அழித்துவிட்டு மறுபடி முயல்கிறதா, ஒரு கணக்கை இரண்டு வழியில் பார்க்கிறதா என்பதற்கெல்லாம் எண் இல்லை, கண் போதும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 29ஆம் பிரிவு தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடு என்று சொல்வதில் இதற்கும் இடம் இருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். செயல்பாடுகளுக்கு ஒதுக்கிய 20 மதிப்பெண்ணில் எல்லாருக்கும் 18, 19 என்று போட்டு நிரப்பினோம். கடையில் வாங்கிய சார்ட்டில் அக்கா எழுதிக் கொடுத்த செயல்திட்டத்துக்கும் 19. எண்ணாக்க முடியாததை எண்ணாக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும். என் யோசனை: படிவத்துக்கு வேண்டிய எண்ணை நேர்மையாகப் போடுங்கள், அதோடு சின்ன நோட்டு ஒன்று தனியாக வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி. 'தூண்டாமல் கை தூக்கினாள்', 'அளவுகோலில் மில்லிமீட்டர் படிக்கத் தடுமாறுகிறான்' என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'சோம்பேறி' என்று எழுதாதீர்கள், அது பார்த்தது கிடையாது, முடிவு கட்டியது.

கூப்பிட்டுக் கேட்பதையும் விடாதீர்கள். ஒரு பையன் 3.5 + 0.1 = 4 என்று எழுதியிருந்தான். இதே மாதிரி ஒவ்வொரு வினாவிலும் தவறு. கவனக்குறைவு என்று நினைத்து எல்லாவற்றுக்கும் சுழி போட்டேன். பக்கத்தில் கூப்பிட்டு எப்படிச் செய்தாய் என்று கேட்டபோது, "மூணு ஓவர் அஞ்சு பால் சார், இன்னும் ஒரு பால் போட்டா நாலு ஓவர்" என்றான். அவன் ஆறின் அடிமானத்தில் பிழையே இல்லாமல் கூட்டியிருந்தான். மதிப்பெண் சுழிதான், அதை மாற்றவில்லை. ஆனால் அவனுக்கு நான் செய்யவேண்டியது கூட்டல் பயிற்சி இல்லை, கிரிக்கெட் ஸ்கோரில் இருக்கும் புள்ளியும் தசமப் புள்ளியும் வேறு என்று காட்டுவது. ஒரு பாடவேளையில் பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த வகுப்பில் அதே உதாரணத்தை எல்லாருக்கும் சொன்னபோது, இன்னும் நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

படி 8: தீர்மானம்

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் ஏதாவது மாறாவிட்டால் நீங்கள் அளந்தீர்கள், மதிப்பிடவில்லை. கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முடிவுகள் எடுங்கள்.

முதலாவது உங்களைப் பற்றியது. ஒரு நோக்கத்தில் பாதி வகுப்புக்கு மேல் விழுந்திருந்தால் அது பிள்ளைகளின் மதிப்பெண் கிடையாது, உங்கள் பாடத்தின் மதிப்பெண். வேறு விதமாகத் திரும்ப நடத்துங்கள். அதே உதாரணத்தை உரக்கச் சொல்வது வேறு விதம் ஆகாது. பத்துக்குப் பத்துக் கட்டத்தாளில் நிறம் தீட்டச் சொல்லி 0.6ஐயும் 0.45ஐயும் பக்கத்தில் வைத்தால் பாதிப் பேருக்கு அன்றே விளங்கிவிடும்.

இரண்டாவது, யாருக்கு என்ன என்ற குழுப் பிரிப்பு. மொத்த மதிப்பெண்ணை வைத்து 'மெல்லக் கற்போர்' என்று ஒரு மூலையில் உட்கார வைப்பது எளிது, பயனில்லாதது. நோக்கத்தை வைத்துப் பிரியுங்கள். இடமதிப்புக் குழுவில் இருப்பவன் கூட்டல் குழுவுக்கு உதவி செய்பவனாக இருக்கலாம். ஒரு வாரத்தில் குழு கலையவேண்டும்.

மூன்றாவது, சொல்லவேண்டிய வாக்கியம். பிள்ளையிடமும் வீட்டிலும் எண்ணோடு சேர்த்து எது வருகிறது, எது வரவில்லை, என்ன செய்யப்போகிறோம் என்று மூன்றையும் சொல்லுங்கள். "25க்கு 14 வாங்கியிருக்காம்மா. எந்த எண் பெருசு, சின்னதுன்னு நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கா. கூட்டும்போது புள்ளிக்கு நேரா புள்ளி வைக்க மாட்டேங்கிறா. இந்த வாரம் கட்டம் போட்ட நோட்டுல தினமும் அஞ்சு கணக்கு போடச் சொல்லியிருக்கேன், நீங்க கட்டத்துக்கு ஒரு எண் எழுதியிருக்காளான்னு மட்டும் பாருங்க." கணக்குத் தெரியாத அம்மாவும் இதைப் பார்க்கமுடியும்.

பத்து நாள் கழித்து ஆறே வினாக்களோடு ஒரு சின்னத் தேர்வு வையுங்கள். எண்களை மாற்றுங்கள், வினாவின் அமைப்பை மாற்றாதீர்கள்: 0.6, 0.45 இருந்த இடத்தில் 0.8, 0.37; 0.3, 0.45 இருந்த இடத்தில் 0.2, 0.58. ரிஜிஸ்டரில் ஏற்றவேண்டாம். பழைய கட்டத்தாளிலேயே பக்கத்தில் வேறு மையில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் நிறம் மாறவில்லையோ அங்கிருந்து அடுத்த பாடக்குறிப்பை எழுதத் தொடங்கலாம்.